ஊர்ப் பள்ளியா, பெரிய பள்ளியா, மில் பள்ளியா?

என் தங்கை மகள் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். சத்தி சாலையில் சரவணம்பட்டியைத் தாண்டி உள்ளே போனால், கோவை மாநகராட்சி முடிந்து எஸ்.எஸ்.குளம் ஒன்றியத்தின் ஊராட்சிகள் தொடங்கும் இடத்தில் அவர்கள் குடியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள், மறுபக்கம் இன்னும் சோளத்தட்டுப் போர் நிற்கும் தோட்டங்கள். மாப்பிள்ளைக்குக் கணபதியில் லேத் பட்டறை வேலை. ஆறாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. விசாரித்துச் சொல்லும் பொறுப்பு, வழக்கம்போல, தாய்மாமன் தலையில் விழுந்தது. விசாரித்ததை இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படும்படி எழுதி வைக்கிறேன்.

அந்தப் பகுதியில் கட்டணமில்லாமல் படிக்க மூன்று இடங்கள் இருக்கின்றன. ஊரில் யாரும் அவற்றின் முழுப் பெயரைச் சொல்வதில்லை. ஒன்று முதல் எட்டு வரை உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ‘ஊர்ப் பள்ளி’. பிரதான சாலையில், மாநகராட்சி எல்லைக்குள், ஆறு முதல் பன்னிரண்டு வரை நடக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி ‘பெரிய பள்ளி’. பீளமேட்டுப் பக்கம் பழைய பஞ்சாலைக் குடும்பம் ஒன்று தொடங்கிய அரசு உதவிபெறும் பள்ளி ‘மில் பள்ளி’. நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். பள்ளிகளின் பெயர் இங்கே முக்கியமில்லை. கோவையின் எந்தப் புறநகரை எடுத்தாலும், ஏன், ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் வெளியே போனாலும் இதே மூன்று வகையைத்தான் பார்க்கலாம்.

வேறு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லித் தள்ளிவிடலாம். தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடம் நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். ஆறாம் வகுப்பில் அந்தக் கதவு கிடையாது. கேந்திரிய வித்யாலயாவில் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. லேத் ஓட்டுபவரின் மகளுக்கு இடையில் ஓர் இடம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. நகருக்குள் மாநகராட்சி நடத்தும் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கலாமா என்று தங்கை கேட்டாள். நல்ல யோசனைதான், ஆனால் காந்திபுரம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ். பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளியை விடப் பயணமே பெரிதாகிவிடும்.

இனி மூன்றுக்கும் வருவோம். ‘அரசுப் பள்ளி’ என்று பொதுவாகப் பேசினாலும் இவற்றுக்கு மூன்று எசமானர்கள். கழிப்பறைக் கதவு உடைந்தால் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு எழுத வேண்டும். ஊராட்சித் தலைவர் மனம் வைத்தால் அதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். பெரிய பள்ளியில் கட்டடம் என்றால் பள்ளிக் கல்வித் துறை, பொதுப்பணித் துறை என்று கோப்பு நடக்கும். மில் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடமும் அதன் பராமரிப்பும் நிர்வாகத்துடையது. நிர்வாகிகளுக்கு அக்கறை இருக்கும்வரை அங்கே சுண்ணாம்பு வெள்ளையாகவே இருக்கும். அடுத்த தலைமுறை அந்த நிலத்தை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினால் என்னவாகும் என்பதைக் கோவையில் மூடிக் கிடக்கும் ஆலை வளாகங்களைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு உள்ள பிடியும் ஒன்றாக இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளில் அந்தக் குழுதான் பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கிறது. உதவிபெறும் பள்ளிகளில் குழுவின் வேலை ஆலோசனை சொல்வதோடு நின்றுவிடும் என்று 2012-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மில் பள்ளியில் ஒரு குறையைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஊர்ப் பள்ளியில் சொன்னால், அடுத்த கூட்டத்தில் நாமே தீர்மானம் எழுத வேண்டியிருக்கும். தங்கை பேசத் தெரிந்தவள் என்பதால் இதை ஊர்ப் பள்ளியின் கணக்கில் கூட்டலாகவே வைத்தேன்.

கொங்கு நாட்டில் மில் பள்ளிகளுக்கு ஒரு தனி மரியாதை உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. பீளமேட்டில் சர்வஜன உயர்நிலைப் பள்ளி 1924-இல் வந்தது, தி.சு. அவிநாசிலிங்கம் 1930-இல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். அரசு எல்லா ஊருக்கும் வந்து சேர்வதற்கு முன்பே பஞ்சு வியாபாரிகளும் பண்ணைக்காரர்களும் நிலம் கொடுத்துப் பள்ளி கட்டிய பகுதி இது. ஊர்ப் பள்ளிகளுக்கும் அதே வரலாற்றில் பங்கிருக்கிறது. காமராசர் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அந்த ஆட்சியில் 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பெஞ்சும் கடிகாரமும் கட்டடமும் வாங்கிக் கொடுத்தார்கள். அம்மா மில் பள்ளியின் கட்சி. அவர் காலத்தில் அங்கே படித்தவர்கள் வங்கி வேலைக்குப் போனார்களாம். உண்மையாகவே இருக்கட்டும், அந்த ஆசிரியர்கள் ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகிறது.

ஒப்பீட்டின் நடுப்புள்ளி ஆசிரியர்தான். பள்ளிக்குப் போய் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “கணக்கு யார் எடுக்கிறார்கள்?” என்பது. பதில் ஒரு பெயராக வந்தால் நல்லது. “பணியிடம் இருக்கிறது, வருவார்கள்” என்று வந்தால் உட்கார்ந்து இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

ஊர்ப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பட்டதாரி ஆசிரியர்கள் மூவர்: அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். பாடமோ ஐந்து. ஆகவே தமிழ் ஆசிரியர் ஆங்கிலமும் எடுப்பார், அறிவியல் படித்தவர் கணக்கும் எடுப்பார். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போய்விட்டால் இரண்டு வகுப்பு ஒன்றாக உட்காரும். இது சிறிய குறை இல்லை. நான் பார்த்த பள்ளியில் மூன்று பணியிடமும் நிரம்பியிருக்கின்றன, கணக்கு எடுப்பவர் கணக்கிலேயே பட்டம் பெற்றவர். இதே வகைப் பள்ளியில் இன்னொரு ஊரில் நிலைமை தலைகீழாக இருக்கலாம். அதனால்தான் வகையை வைத்து முடிவு செய்யாமல் நேரில் போய்ப் பெயரைக் கேட்க வேண்டும்.

பெரிய பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகப் பட்டதாரி ஆசிரியர்கள், மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியர்கள், உடற்கல்வி ஆசிரியர், ஆய்வகம், கணினி அறை எல்லாம் உண்டு. தாளில் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் அங்கே பொதுத்தேர்வுதான் ராஜா. திறமையான கணக்கு ஆசிரியரைத் தலைமை ஆசிரியர் பத்தாம் வகுப்புக்குத்தான் போடுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மீதி இருப்பது ஆறாம் வகுப்புக்கு வரும். ஜனவரி பிறந்தால் திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு, விடைத்தாள் திருத்தல் என்று ஆறாம் வகுப்பின் பாடவேளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பிரிவுக்கு ஐம்பது பேருக்கு மேல் உட்காருகிறார்கள். உயர் தொடக்க வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் சொன்னாலும், வகுப்பறை எண்ணிக்கை அதற்கு இடம் கொடுப்பதில்லை. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. பள்ளிக் கட்டடம் அந்த வேகத்தில் எழும்புவதில்லை.

மில் பள்ளியின் பலம், ஆசிரியர்கள் மாறாமல் இருப்பது. அரசுப் பள்ளி ஆசிரியர்களைப் போல ஆண்டுதோறும் பொதுமாறுதல் கலந்தாய்வு அவர்களுக்கு இல்லை. ஒரே ஆசிரியை அக்காவுக்கும் பாடம் எடுத்துத் தங்கைக்கும் எடுப்பார். பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது: ஒருவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை நிரப்ப அரசின் ஒப்புதல் வேண்டும், அது எளிதில் வருவதில்லை. அதுவரை நிர்வாகம் தன் கையிலிருந்து குறைந்த சம்பளம் கொடுத்து யாரையாவது அமர்த்தும். அவர் நல்லவராகவே இருந்தாலும் அரசு வேலை கிடைத்ததும் போய்விடுவார். நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், நிர்வாகம் அமர்த்தியவர் எத்தனை பேர் என்று கேட்டபோது அலுவலகத்தில் சற்றுத் தயங்கினார்கள். தயக்கமும் ஒரு பதில்தான்.

அரசுப் பள்ளிகளிலும் இதே கேள்வியைக் கேட்கத் தவற வேண்டாம். 2022-இல் காலிப் பணியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தியபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். கணபதியில் ஓரளவு கைதேர்ந்த லேத் தொழிலாளி அதை விட அதிகம் வாங்குகிறார். ஓவியம், கணினி, உடற்கல்விக்கு 2012-இல் வந்த பகுதிநேர ஆசிரியர்கள் இன்றுவரை நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களை நம்பி ஒரு பாடம் ஓடுகிறது என்றால், அது எந்த மாதத்திலும் நிற்கலாம் என்று பொருள்.

புறநகருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. மாறுதல் கலந்தாய்வில் கோவையைச் சுற்றியுள்ள இடங்களுக்குத்தான் அடிதடி. வால்பாறையிலும் தாளவாடியிலும் சில ஆண்டுகள் வேலை பார்த்து, பணிமூப்பு சேர்ந்து, சரவணம்பட்டிப் பக்கம் இடம் வாங்கி வருகிற ஆசிரியர் அதற்குப் பிறகு நகர விரும்ப மாட்டார்; வீட்டுக் கடனும் இங்கேதான் வாங்கியிருப்பார். அதனால் மலைப்பகுதிப் பள்ளிகளைப் போல இங்கே காலியிடங்கள் அதிகம் இல்லை. அங்கே படிக்கும் பிள்ளைகளின் இழப்பில்தான் இந்த வசதி நமக்குக் கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

சலுகைகளைப் பற்றி ஊரில் அரைகுறையாகப் பல செய்திகள் உலவுகின்றன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் நீட்டினார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் ஆறாம் வகுப்புச் சேர்க்கை இவ்வளவு முக்கியமாகிறது: ஐந்து வரை எங்கே படித்தாலும் கவலையில்லை, ஆறில் எடுக்கும் முடிவு ஏழு ஆண்டுக்குக் கட்டிப்போடும். மில் பள்ளியில் சேர்த்தால் இந்த ஒதுக்கீடு போய்விடும். உதவிபெறும் பள்ளி ‘அரசுப் பள்ளி மாதிரிதான்’ என்று சொல்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

இதில் மாப்பிள்ளைக்கு ஒரு பயம் இருந்தது. ஊர்ப் பள்ளி ஒன்றியப் பள்ளிதானே, அங்கே படிக்கும் மூன்று ஆண்டும் கணக்கில் வருமா என்று கேட்டார். வரும். ஊராட்சி ஒன்றியம், நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு என்று எந்தத் துறையின் கீழ் நடந்தாலும் அது அரசுப் பள்ளிதான். ஊர்ப் பள்ளியில் எட்டு வரை, பிறகு பெரிய பள்ளியில் பன்னிரண்டு வரை படித்தாலும் சங்கிலி அறுபடாது. ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மருதமலைச் சாலையில் வேளாண் பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் இது வெறும் காகிதச் சலுகை இல்லை.

மற்றச் சலுகைகளில் மில் பள்ளி அவ்வளவு பின்தங்கவில்லை. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது; 2024-ஆம் ஆண்டின் கடைசியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் கோவையிலேயே தொடங்கியது. ‘தமிழ் வழி’ என்ற இரண்டு சொல்லைக் கவனிக்க வேண்டும். பல உதவிபெறும் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியில், கட்டணத்தோடு நடக்கிறது. உதவிபெறும் பள்ளியில் சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் பலர், பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

ஆங்கில வழி வேண்டும் என்பவர்களுக்கு: அரசுப் பள்ளிகளில் 2012–13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. பெரிய பள்ளியில் அந்தப் பிரிவில்தான் கூட்டம். பாடப் புத்தகம் எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். நான் எங்கள் பிள்ளைக்குத் தமிழ் வழியே போதும் என்றேன். அவள் ஐந்து வரை தமிழில் படித்தவள். பின்னம் புரியத் தொடங்கும் வயதில் அதை வேறு மொழியில் புரிந்துகொள்ளச் சொல்வது அவளுக்குப் பாரம்.

சாலைக்கு வருவோம். ஊர்ப் பள்ளி நடக்கும் தொலைவு. பெரிய பள்ளிக்கு ஒரு பஸ், மில் பள்ளிக்கு இரண்டு. மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. ஆனால் இரண்டும் அரசுப் பஸ்ஸில் மட்டும்தான் செல்லும். கோவையில் பல தடங்களில் அடிக்கடி வருவது தனியார் நகரப் பஸ். அரசுப் பஸ்ஸுக்காக நிற்கிற பிள்ளைகள் எட்டு மணிக்கே நிறுத்தத்தில் இருக்க வேண்டும். சத்தி சாலையின் காலை நெரிசலைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை தன் வண்டியில் விட்டுவிடுவதாகச் சொன்னார். காலை சரி; மாலை நாலரை மணிக்குப் பட்டறையிலிருந்து யார் விடுவார்கள்?

உணவில் ஒரு மாற்றம் வரும், எதிர்பார்த்திருக்க வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். இவ்வளவு நாள் பள்ளியிலேயே ரவா உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டவள் ஜூன் மாதம் முதல் வீட்டில் சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். ஊர்ப் பள்ளி என்றால் சாப்பிட நேரம் இருக்கும். மில் பள்ளி என்றால் பெரும்பாலான நாள் வெறும் வயிறுதான். மதியச் சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்பு வரை மூன்று பள்ளியிலும் உண்டு. தங்கை ஐந்தே முக்காலுக்கு எழுந்து சமைத்துவிட்டு அவளும் வேலைக்குப் போகிறவள் என்பதால் காலைச் சாப்பாட்டை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண் பிள்ளை என்பதால் கழிப்பறையைப் பார்க்காமல் வரக்கூடாது. காலையில் பார்த்துப் பயனில்லை, பார்வையாளர் வரும் நேரத்தில் எல்லாம் கழுவியிருக்கும். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு போக வேண்டும். தண்ணீர் வருகிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, குப்பைத் தொட்டி இருக்கிறதா என்று தங்கையே போய்ப் பார்த்தாள். மில் பள்ளி முதலிடம், ஊர்ப் பள்ளி அதற்கு அடுத்து. பெரிய பள்ளியில் கட்டடம் புதிது, ஆனால் அத்தனை பெண்களுக்கு அது போதாது.

தேர்ச்சி விழுக்காடு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நடுநிலைப் பள்ளிக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாது என்பதால் பலர் அதை ஒப்பீட்டிலேயே சேர்ப்பதில்லை. மற்ற இரண்டிலும் ‘நூறு விழுக்காடு’ என்று பலகை வைத்திருந்தால், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். இடையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்கள் யார் என்பதில் பலகையின் ரகசியம் இருக்கும். பள்ளியின் மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை போன்ற அடிப்படை விவரங்களை ஒவ்வொரு பள்ளிக்கும் அடையாளமாக உள்ள 11 இலக்க யூ-டைஸ் எண்ணைக் கொண்டு மத்திய அரசின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம்; முந்தைய ஆண்டின் விவரமாக இருக்கும், ஆனாலும் வாய்வழிச் செய்தியை விட மேல்.

வகுப்பில் யார் யார் இருப்பார்கள் என்பதையும் மறைமுகமாகப் பலர் விசாரிக்கிறார்கள். ஊர்ப் பள்ளியில் பீகார், ஒடிசாப் பிள்ளைகள் அதிகம் என்று மாப்பிள்ளை குறையாகச் சொன்னார். வார்ப்படப் பட்டறையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்களின் பிள்ளைகள் வேறெங்கே படிப்பார்கள்? தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களும் தமிழ் படித்தாக வேண்டும். அந்தப் பள்ளியில் நான் பேசிய ஒரு பெண், வீட்டில் போஜ்புரி, வகுப்பில் தமிழ், கடையில் இரண்டுக்கும் நடுவே ஒன்று என்று சமாளிக்கிறாள். என்னிடம் “உட்காருங்க மாமா” என்று சுத்தமான கோவைத் தமிழில் சொன்னாள். மருமகளுக்கு அவளைப் போன்ற ஒரு தோழி கிடைப்பதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து நான் சொன்னது ஊர்ப் பள்ளி. வீட்டுக்குப் பக்கம் என்பது காரணத்தில் பாதிகூட இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளி மாற வேண்டியிருக்கிறதே என்பதுதான் எல்லாரும் சொன்ன குறை. எனக்கோ அதுதான் அதன் பெரிய வசதியாகப் பட்டது. பதின்மூன்று வயதில் பிள்ளையின் விருப்பமும் திறமையும் இப்போதை விடத் தெளிவாகத் தெரியும். மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள அரசு மாதிரிப் பள்ளி, விடுதியோடு, ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. பெரிய பள்ளியும் ஒன்பதில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. சுற்றியுள்ள நடுநிலைப் பள்ளிகளில் எட்டு முடித்தவர்களுக்கு அதுதான் வழக்கமான அடுத்த இடம். இன்று பெரிய பள்ளியில் சேர்த்தால், நல்ல ஆசிரியர்கள் இருக்கும் மேல் வகுப்புகளுக்காக மூன்று ஆண்டு நெரிசலில் காத்திருப்பதாகிவிடும். ஊர்ப் பள்ளியில் இருபது பேருக்குள் உட்கார்ந்து மூன்று ஆண்டு பாடம் கேட்டுவிட்டு, அந்த ஆசிரியர்களின் கைக்குப் போகவேண்டிய வயதில் அங்கே போகலாம்.

இன்னொரு காரணம் எட்டாம் வகுப்பில் நடக்கும் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறனில் 90 வினா, பாடத்தில் 90 வினா. மூன்று வகைப் பள்ளியிலிருந்தும் எழுதலாம். ஆனால் நடுநிலைப் பள்ளிக்கு எட்டுதான் உச்ச வகுப்பு. அங்கே தலைமை ஆசிரியருக்குப் பெருமை சேர்க்கும் தேர்வு அது ஒன்றுதான். ஊர்ப் பள்ளியில் மாலையில் தனியாக உட்கார வைத்துப் பயிற்சி தருகிறார்கள். பெரிய பள்ளியில் அந்த நேரம் பத்தாம் வகுப்பின் சிறப்பு வகுப்புக்குப் போய்விடும்.

ஒரு நஷ்டமும் உண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வை ஊராட்சி, பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளில் படிப்பவர்கள்தான் எழுதலாம். சரவணம்பட்டி, காளப்பட்டி, துடியலூர், விளாங்குறிச்சி எல்லாம் 2011-இல், வார்டுகள் 72-லிருந்து 100 ஆனபோது, மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. பெரிய பள்ளிக்குப் போகும் ஆண்டில் எங்கள் பிள்ளை ஊராட்சியில் குடியிருந்தும் மாநகராட்சி மாணவி ஆகிவிடுவாள். உதவித்தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான் என்பதால் இதற்காக நான் வருந்தவில்லை.

மாப்பிள்ளை அரைமனதாக ஒப்புக்கொண்டார். அம்மா இன்னும் ஒப்பவில்லை. வேறு குடும்பத்துக்கு வேறு விடை வரலாம். பெரிய பள்ளிக்கு நடந்தே போகும் தொலைவில் வீடு இருந்தால், அதுவும் கூட்டத்தில் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்கும் துணிச்சலான பிள்ளையாக இருந்தால், நேராக அங்கேயே சேர்த்துவிடலாம். ஊர்ப் பள்ளியில் கணக்குப் பணியிடம் காலி என்றால் மற்ற எந்தச் சாதகமும் அதை ஈடுகட்டாது. ஏழாண்டுத் தொடர்ச்சி முக்கியம், தொழிற்படிப்பு எண்ணம் இல்லை, வணிகவியல் படித்தால் போதும் என்பவர்களுக்கு மில் பள்ளியின் தமிழ் வழிப் பிரிவு நல்ல இடம்தான். அங்கே சேரும் முன் மேல்நிலையில் எந்தெந்தப் பாடப்பிரிவுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் முடிவிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரியாகி வேறு பள்ளிக்குப் போவார். அது கணக்கு ஆசிரியராக இருந்தால், காலாண்டுத் தேர்வுக்கு முன்பே மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் பெரிய பள்ளியில் சேர்த்துவிடுவது என்று தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி நடக்காமல் இருக்க வேண்டுமானால் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் கூட வேண்டும். தங்கை தன் வரிசையில் உள்ள வீடுகளில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று இப்போதே கேட்டுவரத் தொடங்கிவிட்டாள்.